பூத்துப்போன திராட்சரசம்

எனக்கு எழுபத்தெட்டு வயது முடிந்துவிட்டது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். நான்கு நான் பெற்றது. ஐந்தாவது, என் நாத்தனார் பிரசவத்தில் கண்ணை மூடியபோது என் மடிக்கு வந்தது. ஐந்துக்கும் ஒரே தட்டில்தான் சோறு பிசைந்து உருட்டிக் கொடுத்தேன். அதில் நான் பெறாத பிள்ளை எது என்று எங்கள் பழைய பிளாக் ஆட்களைக் கேட்டால் இன்றைக்கும் தடுமாறுவார்கள். இதை நான் பெருமையாகத்தான் சொல்கிறேன். பெருமை எனக்கு நிறைய உண்டு. அதைப் பற்றித்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். கையெழுத்துப் போடுவேன். வேதத்தை விரல் வைத்து எழுத்துக் கூட்டி வாசிப்பேன். அவ்வளவுதான் படிப்பு. இப்போது வலது கை எழுத உதவாது. அதனால் நான் சொல்லச் சொல்ல, கடைசி மகனுடைய மகள் எழுதுகிறாள். என் பேச்சை அப்படியே எழுதாதே, புத்தகத்தில் இருப்பதுபோல் எழுது, ஆனால் நான் சொல்லாத எதையும் சேர்த்துவிடாதே என்று சொல்லியிருக்கிறேன்.

கல்யாணமாகித் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து நெய்வேலிக்கு வந்தேன். கணவர் மைன்ஸில் ஆபரேட்டர். மண்ணை வாரும் பெரிய சக்கர இயந்திரத்தில் அவருக்கு வேலை. பெர்மனென்ட். எங்களுடையது ஐந்து தலைமுறையாகக் கிறிஸ்தவக் குடும்பம். புதிதாக யாரைப் பார்த்தாலும் பத்து நிமிடத்துக்குள் இதை அவர்கள் காதில் போட்டுவிடுவேன்.

எங்கள் சபையில் மாதம் ஒருமுறை திருவிருந்து உண்டு. ஆண்டவருடைய ரத்தத்தை நினைத்துப் பருகும் அந்தத் திராட்சரசத்தைக் கடையில் வாங்க மாட்டோம். சபையில் ஒரு பெண் வீட்டில் போட்டுக் கொடுக்க வேண்டும். நான் வருவதற்கு முன்பு அதைச் செய்துகொண்டிருந்த அம்மா வயதாகி ஊருக்குப் போனபோது, அப்போதிருந்த போதகருடைய மனைவி என்னைக் கூப்பிட்டு அந்தப் பீங்கான் ஜாடியைக் கையில் கொடுத்தார். போதகரை நாங்கள் ஐயர் என்போம், மனைவியை ஐயரம்மா என்போம். அதன்பிறகு எத்தனையோ ஐயர்மார் மாற்றலாகி வந்தார்கள், போனார்கள். ஜாடி மட்டும் என்னிடம் முப்பத்தாறு வருடம் இருந்தது.

பாட்டு நன்றாகப் பாடுகிறவர்கள் இருந்தார்கள். படித்த டீச்சர்மார் எழுந்து நின்று ஜெபித்தால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். எனக்கு அது எதுவும் வராது. ஆனால் அத்தனை பேரும் முழங்கால் போட்டு வாயில் வாங்குவது என் கைப் பொருள். எனக்கு அது போதும். அதை வைத்துக்கொண்டு நான் சபையில் ராணி மாதிரி இருந்தேன்.

கறுப்புத் திராட்சையை ஒவ்வொன்றாகக் காம்பு நீக்கிக் கழுவி, வெள்ளை வேட்டியில் பரப்பி, நிழலில் காய வைப்பேன். ஒரு சொட்டு ஈரம் இருக்கக் கூடாது. ஈரம் பட்டால் ரசத்தின் மேல் பூஞ்சணம் பூத்துவிடும். அப்புறம் கையால் பிசைந்து, சர்க்கரையும் ஒரு பிடி கோதுமையும் போட்டு, ஜாடியின் வாயைத் துணியால் கட்டி வைப்பேன். இருபத்தொரு நாள் தினமும் மர அகப்பையால் கிளற வேண்டும். கிளறும்போது பரமண்டல ஜெபத்தை மூன்று முறை சொல்லுவேன். அந்த நேரத்தில் வாசலில் யார் வந்து கூப்பிட்டாலும் பதில் சொல்ல மாட்டேன். பிறகு வடிகட்டி, ஜாடியைக் கழுவித் துடைத்து, ரசத்தைத் திரும்ப ஊற்றி மூடினால், திருவிருந்துக்கு முந்தின நாள்தான் திறப்பது.

துடைத்த பிறகு ஜாடிக்குள் வலது கையை விட்டு ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பேன். காய்ந்துவிட்டதா இல்லையா என்பதைக் கை சொல்லிவிடும்.

போன வருடம் மழைக்காலத்தில் ஒருநாள் காலையில் எழுந்தபோது என் வலது பக்கம் இழுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் கிடந்தேன். கால் வந்துவிட்டது, வாய் கொஞ்சம் கோணலோடு வந்துவிட்டது. கையும் தூக்க, மடக்க வந்தது. ஆனால் அதில் உணர்ச்சி மட்டும் வரவில்லை. சுடுவதும் தெரியாது, குளிர்வதும் தெரியாது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. டம்ளர் கை நழுவி விழுந்தால் டம்ளர் வழுக்குகிறது என்பேன். மருமகள் ஒருநாள், "எல்லா டம்ளரும் உங்க கையில மட்டும் வழுக்குது அத்தை" என்றாள். "நீ சோப்புப் போட்டுச் சரியா அலசல" என்று அவள் தலையிலேயே போட்டேன்.

நான் முன்பே போட்டுப் பாட்டிலில் வைத்திருந்த ரசம்தான் அந்த மாதங்களில் சபைக்குப் போனது. ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தபசு, லெந்து காலம், தொடங்கியதும் ஐயரம்மா வீட்டுக்கு வந்தார். நல்ல பிள்ளை, என் மகள் வயதுகூட இருக்காது.

"அம்மா, இந்த ஈஸ்டருக்கு ரசம் போட யாரையாச்சும் உங்களுக்கு உதவிக்கு அனுப்பட்டுமா? நீங்க உக்காந்து சொன்னாப் போதும்."

"ஏன், நான் செத்துட்டேன்னு யாராவது சொன்னாங்களா?" என்றேன்.

அந்தப் பிள்ளை சிரித்து மழுப்பிவிட்டுப் போனது.

அடுத்து வந்தவள் பின்தெருக்காரி. அவளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நாங்கள் கம்பெனி குவார்ட்டர்ஸில் இருந்த காலத்தில் எங்கள் பிளாக்கைக் கூட்டுவதற்குக் கான்ட்ராக்டில் வந்துகொண்டிருந்தவள். வடக்குத்துதான் சொந்த ஊர். அவளுடைய அப்பா, அம்மா எல்லாம் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நட்டுக் களையெடுத்தவர்கள். புருஷனுக்கு மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை. அவளுக்குக் காப்பி கொடுக்க நான் ஒரு தனி டம்ளர் வைத்திருந்தேன். மாடிப்படிக்குக் கீழே, மீட்டர் பெட்டி மேல் இருக்கும். அவளே எடுத்துக் கழுவி நீட்டுவாள், நான் மேலிருந்து ஊற்றுவேன். குடித்துவிட்டு அவளே கழுவிக் கவிழ்த்து வைப்பாள். இதற்கு நானும் அவளும் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை. அதுபாட்டுக்கு நடந்தது. ஐந்து தலைமுறைக் கிறிஸ்தவள் வீட்டில்தான் நடந்தது.

கணவர் ரிட்டையர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்து வடக்குத்தில் மனை வாங்கிக் கட்டினோம். குடிவந்த பிறகுதான் தெரிந்தது, எங்கள் கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் வீடு. இரண்டு வருடத்துக்கு முன்பு அவளுடைய மகள் உடம்புக்கு முடியாமல் கிடந்தபோது ஐயரம்மா போய் ஜெபித்தார். அதிலிருந்து அவள் சபைக்கு வரத் தொடங்கி, ஞானஸ்நானமும் எடுத்துவிட்டாள். கோயிலில் எப்போதும் செருப்பு விடும் கதவுப் பக்கம், கடைசியில்தான் உட்காருவாள்.

இந்தப் பக்கத்து வழக்கப்படி அவள் என்னை ஆயா என்பாள். எங்கள் ஊரில் ஆயா என்றால் பிள்ளை பார்க்க வைக்கிற வேலைக்காரி. ஐம்பது வருடம் இங்கே இருந்தும் அந்த வார்த்தை எனக்குச் சுருக்கென்றுதான் இருக்கும்.

அன்றைக்கு நான் கொல்லையில் உட்கார்ந்து இடது கையால் திராட்சைக் காம்பை நீக்கிக்கொண்டிருந்தேன். சுவருக்கு மேல் தலை தெரிந்தது.

"இன்னா ஆயா, ஒத்தக் கையில இம்மாம் பழத்த வச்சிகினு மல்லுக்கட்றீங்க? நான் வந்து பிசைஞ்சு குடுக்கட்டா?"

"வேண்டாம்."

"சும்மாத்தான கெடக்கறேன். ஒரு நொடியில பிசைஞ்சுடுவேன்."

"இது கோயிலுக்குப் போற ரசம். கண்டவங்க கை படற சாமான் இல்ல."

அவள் முகம் மாறவில்லை. "கண்டவங்க கைதான் ஆயா உங்க பிளாக்க இருவது வருசம் கூட்டுச்சு" என்று சிரித்துவிட்டுத் தலையை இறக்கிக்கொண்டாள். அந்தச் சிரிப்பு என்னை ஒன்றும் செய்யவில்லை. திரும்பக் காம்பு கிள்ளத் தொடங்கிவிட்டேன்.

ரசம் நன்றாகத்தான் நுரைத்தது. இருபத்தொரு நாளும் இடது கையால் கிளறினேன். வடிகட்டினேன். ஜாடியைக் கழுவினேன், துடைத்தேன், வழக்கம்போல வலது கையை உள்ளே விட்டுச் சுற்றினேன். காய்ந்திருக்கிறது என்று கை சொன்னது. அந்தக் கைக்கு ஈரம் தெரியாது என்பது எனக்கு அந்த நேரத்தில் நினைவே வரவில்லை. முப்பத்தாறு வருடம் அதைத்தான் கேட்டேன், அன்றைக்கும் அதைத்தான் கேட்டேன்.

பெரிய வெள்ளிக்கு மறுநாள் சனிக்கிழமை மதியம். கணவர் காலமான பிறகு நான் கடைசி மகனோடுதான் இருக்கிறேன். அவன் ஜெனரல் ஷிஃப்டுக்குப் போயிருந்தான். மருமகளும் பேத்தியும் பண்டிகைத் துணி வாங்கக் கடலூருக்குப் போயிருந்தார்கள். சாயங்காலம் கோயில் குட்டி வந்து ரசத்தை வாங்கிக்கொண்டு போவார். கோயில் குட்டி என்றால் கோயிலைப் பார்த்துக்கொள்கிற ஆள். மறுநாள் விடியற்காலையில் ஈஸ்டர் ஆராதனை, திருவிருந்து. நான் அடுப்படியில் ஜாடியைத் தரையில் வைத்து, ஸ்டூல் போட்டு உட்கார்ந்து துணியை அவிழ்த்தேன்.

மேலே ஆடை மாதிரி வெள்ளையாகப் பூத்திருந்தது. நடுவில் இரண்டு இடத்தில் பச்சை.

முதலில் மூடிவிட்டேன். மூடிவிட்டால் இல்லாமல் போய்விடும் என்பதுபோல. திரும்பத் திறந்தேன். இருந்தது.

அடுத்து நான் நினைத்ததை அப்படியே சொல்கிறேன். ஐயோ, ஆண்டவருடைய பந்திக்கு ரசம் இல்லையே என்று நான் நினைக்கவில்லை. ஐயரம்மா உதவிக்கு ஆள் அனுப்புகிறேன் என்றாளே, இப்போது என்ன சொல்வாள் என்றுதான் நினைத்தேன். பாவம், வயசாயிடுச்சு என்பார்கள். ஜாடியைக் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். அப்புறம் நான் யார்?

ஆடையை நான்காக மடித்த துணியில் வடித்துவிட்டால் போகும். இரண்டு கிராம்பைத் தட்டிப் போட்டு, சர்க்கரையைக் கூட்டினால் வாடை தெரியாது. ஆளுக்கு ஒரு மிடறுதானே. யாருக்கு என்ன ஆகிவிடப் போகிறது? துணியை எடுத்தேன். பாத்திரத்தின் மேல் விரித்தேன். கிராம்பு டப்பாவைக்கூட எடுத்து வைத்துவிட்டேன்.

வடிக்கும் முன்பு முழங்கால் போட்டு ஜெபிப்பது என் வழக்கம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு நாற்காலியில் உட்கார்ந்தே ஜெபித்துக்கொண்டிருந்தேன். முழங்கால் போடவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அன்றைக்குப் போட்டேன். மேடையைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினேன். இவ்வளவு கஷ்டப்பட்டு முழங்கால் போடுகிறேன், அதற்காகவாவது செய்யும் என்கிற கணக்கு. கல்யாண வீட்டில் தண்ணீரையே ரசமாக்கினீரே, இது ஏற்கனவே ரசம், இதைச் சரிபண்ண உமக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டேன். ஜெபம் என்று அதைச் சொல்ல முடியாது. வேலைக்காரனுக்குச் சொல்வதுபோல் சொல்லிவிட்டுக் கண்ணைத் திறந்து ஜாடிக்குள் எட்டிப் பார்த்தேன்.

பூஞ்சணம் பூஞ்சணமாகவே இருந்தது.

எழுந்திருக்கப் பார்த்தேன், முடியவில்லை. வலது காலில் பலம் இல்லை. மேடையைப் பிடித்த வலது கை, பிடித்திருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. அது வழுக்கி, நான் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து தரையில் கிடந்தேன். அடி ஒன்றும் படவில்லை. கன்னம் தரையில் ஒட்டியிருந்தது. மைன்ஸ் பக்கம் வெடி வைக்கும் நேரம் அது. அடியிலிருந்து வந்த அதிர்வு முதலில் கன்னத்தில் தெரிந்தது, பிறகுதான் அலமாரியில் பாத்திரங்கள் கிணுகிணுத்தன. எத்தனையோ வருடம் அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறேன். தரைக்குள்ளிருந்து அது வருவதை அன்றுதான் உணர்ந்தேன்.

மாதர் கூட்டத்தில் ஜெபிக்கச் சொன்னால் நானும் ஒரு வரி சொல்லுவேன். ஆண்டவரே, நாங்கள் உமது பாதத்தில் கிடக்கும் தூசி. எல்லாரும் சொல்வதுதான். முப்பது நாற்பது வருடமாகச் சொல்லியிருக்கிறேன். தூசிக்குப் பக்கத்தில் முகத்தை வைத்துக் கிடந்தது அன்றைக்குத்தான். மேடைக்கு அடியில் ஒரு காய்ந்த திராட்சைக் காம்பு கிடந்தது. எறும்புகள் அதைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தன. கண்ணுக்கு நேராக எறும்பு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது!

என் கணவர் ஒருமுறை என்னை மைன்ஸுக்குக் கூட்டிப்போய் மேலே நின்று காட்டியிருந்தார். அப்படி ஒரு பள்ளத்தை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. ஒரு ஊரையே தூக்கி உள்ளே வைக்கலாம். அவர் ஓட்டும் அவ்வளவு பெரிய இயந்திரம் அடியில் ஒரு பூச்சி மாதிரி நகர்ந்தது. "கரி எங்க?" என்று கேட்டேன். "இன்னும் வரல. இவ்வளவும் மேல்மண்ணு. இத எடுத்தப்புறம்தான் கரி" என்றார். இவ்வளவும் மேல்மண்ணா என்று நான் வாயைப் பிளந்தேன். அன்றைக்குத் தரையில் கிடந்தபோது அந்தப் பள்ளம் என் முன்னால் வந்து நின்றது. ஐந்து தலைமுறை, ஜாடி, கோயிலில் முதல் வரிசை, என் கைராசி. எல்லாம் மேல்மண். வாரி எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தது. இதற்குக் கீழே ஏதாவது இருக்கிறதா என்று பயமாகிவிட்டது.

அப்போதுதான் அது நடந்தது. இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. குரல் ஒன்றும் கேட்கவில்லை. வெளிச்சம் ஒன்றும் வரவில்லை. நான் தரையில் தனியாக இல்லை என்று மட்டும் தெரிந்தது. மேலேயிருந்து யாரும் குனிந்து பார்க்கவில்லை. என் பக்கத்திலேயே, அதே தரையில், என்னைவிடத் தாழ்வாக ஒருவர் இருந்தார். எழுபது வருடமாக அண்ணாந்து பார்த்தே ஜெபித்துவிட்டேன். அவர் இவ்வளவு கீழே இருப்பார் என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது. சிலுவைக்கு முந்தின இரவு தோட்டத்தில் அவரே முகங்குப்புற விழுந்து, என் விருப்பம் வேண்டாம், உம்முடையது நடக்கட்டும் என்று பிதாவிடம் சொன்னவர்தானே. தரை அவருக்குப் பழக்கம். என் உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. உணர்ச்சி இல்லாத அந்தக் கையிலும் மயிர் நட்டுக்கொண்டு நின்றதைக் கண்ணால் பார்த்தேன்.

என் வாயில் ஒரே ஒரு வார்த்தைதான் வந்தது. "எடுத்துக்கும்."

எதை என்று சொல்லவில்லை. ஜாடியையா, பேரையா, என்னையா? எல்லாவற்றையும்தான்.

அப்புறம் கூப்பிட்டேன். உதவிக்கு ஆளைக் கூப்பிட்டுக் கத்தியது என் ஆயுசில் அதுதான் முதல்முறை. கொல்லைக் கதவு திறந்திருந்தது. பின்தெருக்காரி சுவரைச் சுற்றி ஓடிவந்தாள்.

"ஐயையோ ஆயா! இன்னாச்சு? எங்க அடி பட்டுச்சு?"

"அடி இல்ல. தூக்கிவிடு."

என் கக்கத்தில் கை கொடுத்து, ஒரே மூச்சில் தூக்கி ஸ்டூலில் உட்கார வைத்தாள். பிறகுதான் சுற்றிப் பார்த்தாள். திறந்த ஜாடி, விரித்த துணி, கிராம்பு டப்பா. எட்டிப் பார்த்து மூக்கைச் சுளித்தாள்.

"பூத்துகினு கெடக்குதே. இதையா நாளைக்கு...?"

"வடிகட்டி அனுப்பிடலாம்னு பார்த்தேன்."

"சாமிக்கா?" என்றாள்.

பிறகு அவளே, "மாரியாத்தாவுக்குக் கூழு காய்ச்சறப்போ ஒரு வண்டு வுழுந்தாக்கூட மொத்தத்தையும் கொட்டிட்டு வேற காய்ச்சும் எங்கம்மா. வூட்டுல மாவு இல்லன்னாலும் கடன் வாங்கிக் காய்ச்சும்" என்றாள். சொல்லிவிட்டு, பட்டென்று வாயில் அடித்துக்கொண்டாள். "அய்ய, பழைய பேச்சு வந்துடுச்சு. மன்னிச்சுடுங்க ஆயா."

நான் அவளை என்ன மன்னிப்பது? கூலி வேலைக்குப் போன அவளுடைய அம்மாவுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. பரிசுத்தம் என்ற வார்த்தையை நான் எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன்! அதற்கு என்ன அர்த்தம் என்று என் அடுப்படியில் வைத்து அவளிடமிருந்து கேட்டுக்கொண்டேன்.

"கொட்டிடு" என்றேன்.

தூக்கிக்கொண்டு போய் முருங்கை மரத்தடியில் கொட்டினாள். கொட்டும் சத்தம் எனக்கு உள்ளே கேட்டது. அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை.

"இனிமே புளிக்கவச்சுப் போட நேரம் இல்ல. பழத்த வேகவச்சுப் பிழிஞ்சா அதுவும் ரசம்தான்" என்றேன். வேகவைத்த ரசத்தை வைத்துத் திருவிருந்து கொடுக்கும் சபைகளை நான் எவ்வளவோ கேலி பேசியிருக்கிறேன்.

அவள் அந்த வெயிலில் மந்தாரக்குப்பத்துக்கு ஷேர் ஆட்டோ பிடித்துப் போய்ப் பழம் வாங்கி வந்தாள். சின்னப் பழம், விதை நிறைய. "நல்லதெல்லாம் பண்டிகைக்குப் போயிடுச்சாம். கடக்காரன்கிட்ட சண்ட போட்டு அழுகல் இல்லாம பொறுக்கிகினு வந்தேன்" என்றாள். கழுவி வேகவைத்தாள். ஆறியதும் மசிக்க வேண்டும். குழாயடியில் போய்க் கையைச் சோப்புப் போட்டு மூன்று முறை கழுவினாள். முழங்கை வரை கழுவினாள். வந்து பாத்திரத்துக்கு முன்னால் உட்கார்ந்து, கையை உள்ளே விடாமல் அப்படியே தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"நான் தொடலாமா ஆயா?"

கேலியாகக் கேட்கவில்லை. குத்திக் காட்டவும் இல்லை. உண்மையாகவே கேட்டாள். விளக்குமாறு பிடித்துப் பிடித்து உள்ளங்கையெல்லாம் காய்த்துப்போன கை அது. பாத்திரத்தை அவள் பக்கம் தள்ளி வைத்தேன். தள்ளியது என் வலது கை. அதற்குத் தெரியாது, எனக்குத் தெரிந்தது.

பரமண்டல ஜெபம் சொல்லு என்று நான் சொல்லவில்லை. அவளாகவே மசித்துக்கொண்டே ஏதோ முணுமுணுத்தாள். காதைக் கொடுத்துக் கேட்டேன். "ஏசப்பா, உங்க வூட்டு விசேசம். நல்லா வரணும். ஆயாவுக்கு மனசு கஷ்டம் வரக் கூடாது. நல்லா வரணும்." திரும்பத் திரும்ப அதையேதான் சொன்னாள். நான் முப்பத்தாறு வருடம் கிளறிய எந்த ஜாடியிலும் அடுத்தவருக்காக ஒரு வார்த்தை சொன்னதில்லை.

சாயங்காலம் கோயில் குட்டி வந்து பாட்டிலை வாங்கிக்கொண்டு போனார். ஐயருக்கு ஃபோன் போட்டு, இது இன்றைக்கு வேகவைத்துப் பிழிந்தது என்று மட்டும் சொன்னேன். மற்றதைச் சொல்ல வாய் வரவில்லை. எடுத்துக்கும் என்று மதியம் சொன்னவள் சாயங்காலமே கொஞ்சத்தைப் பிடித்து வைத்துக்கொண்டேன், பாருங்கள்.

விடியற்காலை ஆராதனைக்கு மகன் காரில் கூட்டிப்போனான். நான் எப்போதும் முதல் வரிசை. பந்திக்கு முதலில் போய்விடுவேன். ஏன் என்று யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. பாத்திரம் ஒன்றுதான், எல்லாரும் அதிலேயே வாய் வைப்பது. இன்னாருக்கு அடுத்து நான் வாய் வைக்க வேண்டாமே என்றுதான் முதலில் போவேன். அன்றைக்கு என் நடைக்கு முதலில் போக முடியவில்லை. போகவும் பிடிக்கவில்லை. சபை மொத்தமும் போய்வந்த பிறகு, மகன் கையைப் பிடித்துக்கொண்டு கடைசிப் பந்தியில் போய் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவள் அவள்தான். அவள் குடித்த பிறகு ஐயர் விளிம்பைத் துணியால் துடைத்து என்னிடம் கொண்டுவந்தார். பாத்திரத்தின் அடியில் ஒரு மிடறு இருந்தது. வாங்கினேன். கொஞ்சம் துவர்ப்பு, விதை கசிந்த துவர்ப்பு. அத்தனை பேர் வாய் வைத்த விளிம்பு என் கோணல் உதட்டில் பட்டது. இது ஆண்டவருடைய ரத்தம் என்று வாழ்நாள் முழுக்கக் கேட்ட வார்த்தை அன்றைக்குப் புதிதாகக் காதில் விழுந்தது. இது என் ரசம் இல்லை. எந்த நாளும் என் ரசமாக இருந்ததில்லை. நகராமல் அங்கேயே நின்றுவிட்டேன். மகன் முடியவில்லையோ என்று பயந்துவிட்டான்.

ஆராதனை முடிந்து வெளியே வந்தோம். விடிந்துகொண்டிருந்தது. அனல்மின் நிலையத்துப் புகை சிவந்து நின்றது. எல்லாரும் கை கொடுத்து வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மாதர் சங்கத்துப் பெண்கள் நாலைந்து பேர் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். அதில் ஒரு டீச்சர், நன்றாகப் பேசுவார், உரக்கச் சொன்னார்.

"அம்மா, இந்த வருஷம் ரசம் என்னமா இருந்துச்சு! அவ்வளவு ஃபிரெஷ்ஷா! பக்கவாதம் வந்தாலும் உங்க கை உங்க கைதான்."

ஐயரம்மாவும் பக்கத்தில் நின்றார். எல்லாரும் ஆமாம், ஆமாம் என்றார்கள். செருப்புகள் கிடந்த இடத்தில் அவள் குனிந்து தன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். கேட்கும் தூரம்தான். நிமிரவில்லை. நான் ஒன்றும் சொல்லாவிட்டால் அவள் சாகும் வரை ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டாள். அது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

சிரித்து வைத்தால் போதும். பொய்கூடச் சொல்ல வேண்டாம். என் முகம் அதற்குள் சிரிக்கத் தொடங்கிவிட்டது. முந்தின நாள் தரையில் கிடந்தது பெரிய காரியம் இல்லை, அங்கே யாரும் பார்க்கவில்லை. கொடுக்க வேண்டியதை இங்கேதான் கொடுக்க வேண்டியிருந்தது. வாயைத் திறந்தேன்.

"என் கை இல்ல. நான் போட்டது பூத்துப் போச்சு. அதை வடிகட்டி உங்க எல்லாருக்கும் குடுத்துடலாம்னு பார்த்தேன். கொட்ட வச்சு, புதுசா செஞ்சு குடுத்தது அந்தா நிக்கிறாளே, அவ."

டீச்சருடைய கை என் கையைப் பிடித்தபடியே இருந்தது. அது வலது கை என்பதால், அவர் இறுக்கினாரா விட்டாரா என்று எனக்குத் தெரியவில்லை.

அவள் நிமிர்ந்து, கையில் ஒரு செருப்போடு, "ஆயா! இன்னாத்துக்கு இப்ப இதெல்லாம்?" என்றாள். முகம் வெளிறிவிட்டது. தன்னை ஏதோ வம்பில் மாட்டிவிட்டதுபோல் பார்த்தாள். பிறகு எல்லாரையும் பார்த்து, "ஆயாதான் சொல்லிச்சு, நான் கைய மட்டும்தான் குடுத்தேன்" என்றாள்.

ஐயரம்மா அவளிடம் போய்க் கையைப் பிடித்துக்கொண்டார். ஒரு வயதான அண்ணாச்சி, "அதானே பார்த்தேன், வழக்கத்தவிட இனிப்பா இருந்துச்சே" என்று சொல்ல, கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். என் முப்பத்தாறு வருடத்தையும் சேர்த்துத்தான் சிரித்தார்கள். நான் அதில் செத்துப்போகவில்லை என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

மறு வாரம் ஜாடியை அவள் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். அனுப்பிவிட்டு அன்று முழுவதும் எல்லார்மேலும் எரிந்து விழுந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெருமை போய்விட்டது என்று நான் சொல்ல மாட்டேன். போன மாதம் அவள் போட்ட ரசத்தைப் பார்த்து, நான் போட்டால் இன்னும் நிறம் வரும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். தினமும் வாரி எடுத்தாலும் மறுநாள் அவ்வளவு மண் இருக்கிறது. ஆனால் காலையில் ஜெபிக்க உட்காரும்போது, ஒரு நிமிடமாவது அந்தத் தரை நினைவுக்கு வருகிறது. என் பக்கத்தில் என்னைவிடத் தாழ்வாக இருந்தவரை நினைத்தால் இன்றும் பேச்சு வருவதில்லை. சும்மா உட்கார்ந்திருக்கிறேன். அவ்வளவு பெரியவர் ஏன் அங்கே வந்து கிடக்க வேண்டும்?

இதைச் சபையில் ஐம்பது பேர் முன்னால் ஒரு மூச்சில் சொல்லிவிட்டேன். வெளியூர்களில் இருக்கும் என் மற்ற பிள்ளைகளுக்கு இன்னும் தெரியாது. அவர்களுக்கும் நான் பூத்துப்போன ரசத்தை அனுப்பப் பார்த்தவள் என்று தெரியட்டும். அதற்காகத்தான் எழுதச் சொன்னேன்.

என்னம்மா, மூக்கை உறிஞ்சுகிறாய்? பேனாவை வை. என் மனம் நோகக் கூடாது என்று எங்கேயாவது ஒரு வார்த்தையை மெதுவாக்கி எழுதியிருந்தால் எனக்குத் தெரிந்துவிடும். எடு அந்த நோட்டை. முதல் வரியிலிருந்து வாசி, கேட்கிறேன்.